கதை வாசிச்சா பையன் உக்காரவே மாட்டேங்கிறான், நிறுத்திடலாமா?

வாசகி கேட்டது: என் பையனுக்கு மூணரை வயசு. டெய்லி நைட் தூங்கப் போறதுக்கு முன்னாடி படப்புத்தகம் வாசிச்சுக் காட்டுறேன். ரெண்டு பக்கத்துக்கு மேல உக்கார மாட்டான், எந்திரிச்சு ஓடிடுவான், இல்லன்னா நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கத்தைத் திருப்பிடுவான். ஒரே புக்கைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறான். எழுத்தைப் பாக்கவே மாட்டேங்கிறான், படத்தைப் பாத்துட்டு "நான் படிக்கிறேன்"னு மனசுல இருக்கிறதைச் சொல்லிட்டுப் போறான். இவன் வயசுப் பொண்ணு ஒண்ணு எழுத்தெல்லாம் கரெக்டா அடையாளம் சொல்லுது. மாமியார் "வெறும் கதை படிச்சு என்ன ஆகப் போகுது, எழுத்தைச் சொல்லிக் குடு"ங்கிறாங்க. வீட்டுக்காரர் "போன்ல கதை சொல்ற ஆப் இருக்கு, உன்னைவிட நல்லா படிக்குது"ங்கிறார். இன்னொரு சந்தேகம், புக்ல இருக்கிற தமிழை அப்படியே படிக்கணுமா இல்ல பேச்சுத் தமிழ்ல மாத்திச் சொல்லணுமா? எட்டு மாசப் பாப்பாவும் இருக்கா, அவ கையில புக் குடுத்தா வாயிலதான் வெச்சுக்கிறா. பேசாம நிறுத்திடலாமான்னு தோணுது.

பதில்:

நிறுத்த வேண்டாம்ங்க, கண்டிப்பா வேண்டாம். நீங்க குறையாச் சொல்லியிருக்கிறதுல முக்காவாசி குறையே இல்ல, மூணரை வயசுப் பையன் கதை கேக்குற விதமே அதான். பக்கத்தைத் திருப்புறது, அதே புக்கைக் கேக்குறது, படத்தைப் பாத்துட்டு தானே படிக்கிற மாதிரி பேசுறது, இதெல்லாம் அவனுக்குப் புக் புடிச்சிருக்குன்னுதான் காட்டுது. புடிக்காத பையன் "நான் படிக்கிறேன்"னு கையில வாங்க மாட்டான். நான் சின்னக் குழந்தைங்களுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர்களுக்கு வாசிப்பு ட்ரெய்னிங் குடுக்கிற வேலையில இருக்கேன், இந்த மாதிரி கேள்வி பேரன்ட்ஸ்கிட்ட இருந்து அடிக்கடி வரும், எல்லாத்துக்கும் அடியில ஒரே பயம்தான் இருக்கும், நாம பண்றது சரியா தப்பா, நேரம் வீணாப் போகுதோன்னு. அதனால கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த உக்கார மாட்டேங்கிற விஷயம். கதை வாசிக்கிறதுன்னா நாம முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிப்போம், குழந்தை கையைக் கட்டிட்டு கேக்கும்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு பாருங்க, அதை விட்டுடுங்க. எடுத்த புக்கை முடிச்சே ஆகணும்னு சட்டம் இல்ல. ரெண்டு பக்கம் உக்காருறானா, ரெண்டு பக்கம் போதும். ஒரு பக்கத்துல ஆறு வரி இருந்தா ரெண்டு வரியைப் படிங்க, மிச்சத்தைப் படத்தைக் காட்டிச் சொல்லிட்டுப் போங்க. எந்திரிச்சு ஓடினா இழுத்துப் பிடிச்சு உக்கார வைக்காதீங்க, நீங்க பாட்டுக்கு கொஞ்ச நேரம் படிச்சுக்கிட்டு இருங்க, கையில பொம்மைக் காரை உருட்டிக்கிட்டு இருப்பான் ஆனா காது இங்கதான் இருக்கும், சுவாரசியமான இடம் வந்தா தானா வந்து எட்டிப் பாப்பான். வரலையா, புக்கை மூடி வெச்சுடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். அப்புறம் நைட்டுதான் படிக்கணும்னு ஒண்ணும் இல்ல. நாள் பூரா ஆடிட்டு தூக்கம் கண்ணைச் சொருகுற நேரத்துல சில பிள்ளைங்களுக்கு சிணுங்கத்தான் தெரியும். காலையில எந்திரிச்ச உடனே, குளிச்சுட்டு வந்த உடனே, இப்படி அவன் தெளிவா இருக்கிற நேரத்துல மூணு நாலு நிமிஷம் வாசிச்சுப் பாருங்க. பத்து நிமிஷம் மல்லுக்கட்டி வாசிக்கிறதைவிட அப்பப்ப மூணு நிமிஷம் சந்தோஷமா வாசிக்கிறது எவ்வளவோ மேல்.

இப்போ நான் முக்கியமாச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வரேன். நாம எவ்வளவு பக்கம் படிச்சோம்ங்கிறதைவிட, படிக்கும்போது குழந்தை வாயில இருந்து எவ்வளவு பேச்சு வந்துச்சுங்கிறதுதான் பெரிய விஷயம். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. 1988ல அமெரிக்காவுல க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. 21 மாசத்துல இருந்து 35 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்க, எல்லார் வீட்டுலயும் ஏற்கனவே புக் வாசிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. அதுல ஒரு பாதிப் பேரன்ட்ஸுக்கு மட்டும் வாசிக்கிற விதத்தை மாத்தச் சொல்லிக் குடுத்தாங்க, நடுவுல கேள்வி கேளுங்க, குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திரும்பச் சொல்லுங்க, அது பேசும்போது பாராட்டுங்கன்னு. மத்தவங்க வழக்கம் போலவே வாசிச்சாங்க. ஒரு மாசம்தான். அதுக்கப்புறம் டெஸ்ட் வெச்சுப் பாத்தா, மனசுல உள்ளதை வாயால சொல்ற திறமையில முதல் குழு மத்தவங்களைவிட 8.5 மாசம் முன்னாடி இருந்துச்சு, வார்த்தை டெஸ்ட்ல 6 மாசம் முன்னாடி. 9 மாசம் கழிச்சுப் பாத்தப்பவும் வித்தியாசம் மறையல. அது சின்ன ஆய்வுதான், வசதியான குடும்பங்கள்ல பண்ணது, பின்னாடி வேற வேற இடத்துல பண்ணப்போ எல்லா இடத்துலயும் பலன் அதே அளவுக்குப் பெருசா வரல. ஆனா திசை மாறல, அதுவும் ரெண்டு மூணு வயசுப் பிள்ளைங்களுக்கு இந்த முறை நல்லாவே வேலை செய்யுதுன்னு அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் சொல்லுது. உங்க பையன் கிட்டத்தட்ட அந்த வயசுலதான் இருக்கான்.

பேசிப் பேசி வாசிக்கிறதுன்னா எப்படின்னு கேப்பீங்க. ஒரு பக்கத்தை எடுத்துக்குவோம். ஒரு பூனை மரத்து மேல ஏறிட்டு இறங்கத் தெரியாம உக்காந்திருக்கு, கீழ ஒரு பையன் அண்ணாந்து பாக்குறான், இதான் படம். நீங்க அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு நிறுத்துறீங்க. பையன் "பூனை"ங்கிறான். நீங்க "ஆமா, பூனை. எங்க இருக்கு அது?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும், இந்த வாயை மூடிக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம், மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அவன் "மேல"ங்கிறான். "ஆமா, உச்சாணிக் கொம்புல உக்காந்திருக்கு, பயத்துல கிளையை இறுக்கிப் பிடிச்சிருக்கு பாரு." இப்ப அவன் ஒரு வார்த்தை சொன்னான், நீங்க அதையே ஒரு முழு வாக்கியமா ஆக்கித் திருப்பிக் குடுத்துட்டீங்க, கூடவே உச்சாணி, கிளை, இறுக்கின்னு மூணு புது வார்த்தை போயிடுச்சு. அடுத்த நாள் அதே பக்கம் வரும்போது "எப்படிப் பிடிச்சிருக்கு?"ன்னு மட்டும் கேளுங்க, "இறுக்கி"ன்னு வந்தாலும் வரும், வராட்டியும் பரவால்ல நீங்களே சொல்லிடுங்க. இன்னும் கொஞ்ச நாள் போனா "இப்ப அது எப்படி இறங்கும்?"னு கேளுங்க, அதுக்கு புக்ல பதில் இருக்காது, அவன் தலையில இருந்துதான் வரணும். "நீ எப்பவாவது மேல ஏறிட்டு இறங்க முடியாம பயந்தியா?"ன்னு கேட்டா கதை அவன் வாழ்க்கைக்குள்ள வந்துடும், அப்ப பாருங்க எவ்வளவு பேசுறான்னு.

ஆனா இதையே பரீட்சை ஆக்கிடாதீங்க, தயவுசெஞ்சு. "இது என்ன, இது என்ன கலர், எத்தனை இருக்கு, சொல்லு சொல்லு"ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் நச்சரிச்சா எந்தப் பிள்ளையும் எந்திரிச்சு ஓடத்தான் செய்யும். நிறைய வீட்டுல பசங்க புக்கைக் கண்டாலே நழுவுறதுக்குக் காரணமே இதுதான்னு நான் நினைக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும், சில பக்கத்துக்கு அதுவும் வேண்டாம், கதை வேகமா போற இடத்துல கேள்வி கேட்டு கெடுக்காம ஓட விடணும். முதல் தடவை ஒரு புது புக்கை எடுக்கும்போது கதையை கதையா கேக்கட்டும். ரெண்டாவது மூணாவது தடவையில இருந்து பேச்சு கலந்துக்கலாம். அவன் கேக்குற கேள்விக்கு மட்டும் எப்பவும் முதல் மரியாதை குடுங்க, அதுதான் அவனுக்கு உண்மையிலேயே தேவைப்படுற கேள்வி. பக்கத்தைத் திருப்புற வேலையையும் அவன்கிட்டயே குடுத்துடுங்க, கைக்கு வேலை இருந்தா உக்காருவான்.

ஒரே புக்கைக் கேக்குறதைப் பத்தி நீங்க கொஞ்சம்கூட கவலைப்பட வேண்டாம், சந்தோஷப்படுங்க. 2011ல இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெசிகா ஹார்ஸ்டும் கூட இருந்தவங்களும் மூணு வயசுக் குழந்தைங்ககிட்ட இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. ஒரு குரூப்புக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசிச்சாங்க, இன்னொரு குரூப்புக்கு வேற வேற கதை, ஆனா புது வார்த்தைங்க ரெண்டு குரூப்புக்கும் அதே எண்ணிக்கையிலதான் காதுல விழுந்துச்சு. ஒரே கதையைக் கேட்ட பிள்ளைங்கதான் வார்த்தைகளை அதிகமா கத்துக்கிட்டாங்க. யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு, முதல் தடவை என்ன நடக்குதுன்னு புரியுறதுக்கே குழந்தை மூளை முழுசா ஓடிடும், அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சப்புறம்தான் இந்த வார்த்தைன்னா என்னன்னு கவனிக்க நேரம் கிடைக்கும். உங்களுக்கு சலிச்சுப் போச்சுன்னு புரியுது, அது இயல்புதான். அவன் புக் ஒண்ணு, உங்க புக் ஒண்ணுன்னு ஒப்பந்தம் போட்டுக்கங்க, சில நாள் ஒத்துக்குவான் சில நாள் மாட்டான்.

அடுத்தது, படிக்கிற மாதிரி பேசுறான்னு சொன்னீங்களே, உங்க லெட்டர்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் அதுதான். எலிசபெத் சல்ஸ்பின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1985ல இதைப் பத்தியே ஒரு பெரிய கட்டுரை எழுதியிருக்காங்க, எழுத்து தெரியாத பிள்ளைங்க தங்களுக்குப் புடிச்ச புக்கை எப்படி "படிக்கிறாங்க"ன்னு கேட்டுக் கேட்டுப் பதிவு பண்ணாங்க. ஆரம்பத்துல ஒவ்வொரு படத்துக்கும் பேர் சொல்லும், நாய், வீடு, பந்துன்னு. அப்புறம் படங்களைக் கோத்து ஒரு கதையா பேச்சு நடையில சொல்லும். அதுக்கப்புறம் குரல் மாறும், பேசுற மாதிரி இல்லாம புக் படிக்கிற மாதிரியே ராகம் வரும், புக்ல இருக்கிற வாக்கியமே வாயில வரும். எல்லாத்துக்கும் பின்னாடிதான் கண் எழுத்து மேல போகும், சில பிள்ளை அந்த நேரத்துல "எனக்குப் படிக்கத் தெரியாது"ன்னு மறுக்கக்கூட செய்யும், கதை எழுத்துலதான் இருக்குன்னு அதுக்குப் புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அதனால உங்க பையன் அடுத்த தடவை "படிக்கும்போது" திருத்தாதீங்க, பக்கத்துல உக்காந்து காதை மட்டும் குடுங்க, அவன் பேசுற மாதிரி சொல்றானா புக் மாதிரி சொல்றானான்னு கவனிங்க. அவன் எங்க இருக்கான்னு இதுல உங்களுக்கே தெரிஞ்சுடும்.

எழுத்தைப் பாக்க மாட்டேங்கிறான்ங்கிறீங்க, இந்த வயசுல பெரும்பாலான குழந்தைங்க அவ்வளவா பாக்காது. குழந்தைங்க கண்ணு எங்க போகுதுன்னு கருவி வெச்சு அளந்த ஆய்வுகள் 2005 வாக்குலயே வந்திருக்கு, நாம வாசிக்கும்போது அவங்க பாக்குறது பெரும்பாலும் படத்தைத்தான், எழுத்து மேல கண் படுறது ரொம்பக் கொஞ்ச நேரம். இதுல இருந்து ஒரு விஷயம் தெளிவா புரியணும், கதை வாசிச்சுக் காட்டினா மட்டும் எழுத்து தானா வந்துடாது. இந்த இடத்துல உங்க மாமியார் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதை மறுக்கக் கூடாது. கனடாவுல மோனிக் செனெஷால், ஜோ-ஆன் லெஃபெவ்ர்னு ரெண்டு பேர் குழந்தைங்களை அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்து 2002ல எழுதினது இது: கதை வாசிச்சது குழந்தையோட வார்த்தை வளத்தையும் கேட்டுப் புரிஞ்சுக்கிற திறனையும் வளத்துச்சு, எழுத்து அறிமுகம் வந்தது பேரன்ட்ஸ் தனியா எழுத்து சொல்லிக் குடுத்ததுலதான். ரெண்டும் வேற வேற பாதை. முதல்ல எழுத்து முந்தும், சீக்கிரம் கூட்டி வாசிக்க வரும், ஆனா மூணாங்கிளாஸ் நாலாங்கிளாஸ்ல பாடம் பெருசாகும்போது கதை கேட்டு வளந்த மொழிதான் கை குடுக்கும்.

1986ல கஃப், டன்மர்னு ரெண்டு பேர் இதையே ஒரு கணக்கா எழுதி வெச்சாங்க, படிச்சுப் புரிஞ்சுக்கிறதுங்கிறது எழுத்தைக் கூட்டி வாசிக்கிற திறமையையும் மொழியைக் கேட்டுப் புரிஞ்சுக்கிற திறமையையும் பெருக்கினா வர்ற விடைன்னு. கூட்டல் இல்ல பெருக்கல். ஒண்ணு பூஜ்யம்னா விடையும் பூஜ்யம். எழுத்தெல்லாம் தெரிஞ்சு கடகடன்னு வாசிச்சுட்டு என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிற பிள்ளைங்களை நீங்களும் பாத்திருப்பீங்க, அவங்களுக்கு ரெண்டாவது பகுதிதான் காலி. இதை மாமியார்கிட்ட சண்டையா இல்லாம, "எழுத்தும் சொல்லிக் குடுக்கிறேன் அத்தை, கதையும் விடல"ன்னு சொல்லிடுங்க. இன்னும் ஒரு படி மேல போய் அவங்களையே கதை சொல்லச் சொல்லுங்க, புக்கே வேண்டாம், அவங்க சின்ன வயசுல நடந்ததைச் சொன்னா போதும், முன்னாடி நடந்தது பின்னாடி நடந்ததுன்னு கோவையா ஒரு விஷயத்தைக் கேக்குற பழக்கம் அதுலயும் வரும்.

எழுத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, கதை நேரத்தை அதுக்குப் பலி குடுக்காதீங்க. கதையில ரெண்டே விஷயம் போதும். தலைப்பைப் படிக்கும்போது விரலை எழுத்துக்கு அடியில இடமிருந்து வலமா ஓட்டுங்க, எப்பவாவது ஒரு இடத்துல "இங்க என்ன எழுதியிருக்குன்னா"ன்னு சொல்லிட்டு படிங்க. நியூசிலாந்துல மேரி கிளேன்னு ஒருத்தங்க, ஸ்கூல் சேர்ற பிள்ளைக்கு புக்கோட முன்பக்கம் எது, எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கணும், படிக்கிறது படத்தையா எழுத்தையான்னு தெரிஞ்சிருக்கான்னு பாக்குறதுக்கே ஒரு தனி டெஸ்ட் வெச்சாங்க, நமக்கு சாதாரணமா தெரியுற இதெல்லாம் குழந்தைக்குப் புதுசு. எழுத்துக்குன்னு தனியா ஒரு அஞ்சு நிமிஷம் வேற நேரத்துல வெச்சுக்கங்க, அவன் பேர்ல இருக்கிற எழுத்துல இருந்து தொடங்குங்க, அதுல அவனுக்கு ஆசை இருக்கும். தமிழ்ல 247 எழுத்து இருக்குன்னு சார்ட்டை மாட்டி வரிசையா ஒப்பிக்க வைக்கிறது மூணரை வயசுக்குத் தேவையே இல்ல. அதைவிட காதுக்கு வேலை குடுங்க, "பம்பரம்"னு சொல்லிக்கிட்டே பம்-ப-ரம்னு கை தட்டுறது, "ம"ல ஆரம்பிக்கிறது என்னென்ன இருக்குன்னு தேடுறது, மரம் பாத்தா கரம் சொல்றதுன்னு ஒலியை வெச்சு விளையாடுறது. ஒரு வார்த்தைக்குள்ள துண்டு துண்டா ஒலி இருக்குன்னு காது பிடிச்சுக்கிட்ட பிள்ளைக்கு எழுத்து ரொம்ப சுலபமா ஒட்டும்.

இப்ப உங்க தமிழ் சந்தேகம், நிறைய பேர் கேக்காம விட்டுடுற நல்ல கேள்வி இது. வீட்டுல நாம "மழை பெஞ்சுச்சு, அவன் ஓடிப் போய் மரத்தடியில நின்னான்"னு பேசுறோம், புக்ல "மழை பெய்தது. அவன் ஓடிச்சென்று மரத்தடியில் நின்றான்"னு இருக்கு. குழந்தைக்கு இது பாதி வேற மொழி மாதிரிதான். அதனால பேச்சுல மாத்தியே சொல்லிடலாம்னு தோணும், புரியணுமேங்கிற அக்கறையில தோணுறதுதான். ஆனா எப்பவுமே மாத்திச் சொன்னா, ஸ்கூல்ல பாடப் புத்தகத்தைத் திறக்கிற அன்னைக்குத்தான் எழுத்துத் தமிழை அவன் முதன்முதலா கேப்பான், எழுத்தைக் கூட்டுற கஷ்டமும் புது நடையைப் புரிஞ்சுக்கிற கஷ்டமும் ஒரே நேரத்துல வந்து உக்காரும். அரபியிலயும் நம்மள மாதிரியே பேச்சு ஒண்ணு எழுத்து ஒண்ணு. இஸ்ரேல்ல அரபு பேசுற கிண்டர்கார்டன் பிள்ளைங்களுக்கு அஞ்சு மாசம் எழுத்து அரபியிலயே கதை வாசிச்சுக் காட்டின ஆய்வு ஒண்ணு 1993ல வந்துச்சு, டினா ஃபைட்டல்சனும் கூட இருந்தவங்களும் பண்ணது. அந்தப் பிள்ளைங்க கதையைக் கேட்டுப் புரிஞ்சுக்கிறதுல மத்த வகுப்புப் பிள்ளைங்களைவிட நல்லா பண்ணாங்க. சின்னப் பிள்ளைக்கு எழுத்து நடை புரியாதுன்னு நாம நினைக்கிறது அவ்வளவு சரியில்லைன்னு அதுல தெரியுது. அதனால ரெண்டையும் கலந்துக்கங்க, புது புக்னா முதல் ஒண்ணு ரெண்டு தடவை பேச்சுல சொல்லுங்க, கதை புரிஞ்சப்புறம் புக்ல இருக்கிற மாதிரியே நிறுத்தி ராகத்தோட படிங்க, புரியாத இடத்துல மட்டும் பேச்சுல ஒரு வரி சொல்லிட்டுத் திரும்ப புக்குக்கு வாங்க. அவன் அதே புக்கைத் திரும்பக் கேக்குறது இதுக்கு எவ்வளவு வசதி பாருங்க. படம் பத்தின பேச்சு எப்பவும் வீட்டுப் பேச்சுலயே இருக்கட்டும், அதுல செந்தமிழ் வேண்டாம்.

வீட்டுல நாள் முழுக்க பேசிக்கிட்டுதானே இருக்கோம், அதுல வராத மொழியா புக்ல வந்துடப் போகுதுன்னும் சில பேர் கேப்பாங்க. 2015ல ஆங்கிலத்துல 100 படப்புத்தகத்தை எடுத்து, பேரன்ட்ஸ் குழந்தைங்ககிட்ட பேசுற பேச்சோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, புக்லதான் விதவிதமான வார்த்தை அதிகமா இருந்துச்சு. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் வா, போ, எடு, வை, சாப்பிடு, அங்க ஏறாதேன்னு அதுக்குள்ளயே சுத்தும். குகை, படகோட்டி, ஏமாற்றம், வியப்பு, இதையெல்லாம் நாம எந்த நாள் உக்காந்து பேசப் போறோம் சொல்லுங்க.

ஆப் விஷயத்துக்கு வரேன். ஆப் உங்களைவிட நல்லா படிக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்றது உச்சரிப்பு, இசை, குரல் ஏத்த இறக்கம் எல்லாம் பாத்து. அது சரியா இருக்கலாம். ஆனா பூனை எங்க இருக்குன்னு கேட்டுட்டு அஞ்சு எண்ணி காத்திருக்க அதுக்குத் தெரியாது, "மேல"ன்னு அவன் சொன்னதை எடுத்து நீட்டிக் குடுக்கவும் தெரியாது. 2013ல வந்த ஒரு ஆய்வுல, பட்டன் அழுத்தினா சத்தம் போடுற எலக்ட்ரானிக் புக்கோட பேரன்ட்ஸை உக்கார வெச்சுப் பாத்தாங்க, கதையைப் பத்திப் பேசுறது குறைஞ்சு "அதை அழுத்தாதே, இதை அழுத்து"ன்னு நடத்தையைப் பத்தின பேச்சுதான் அதிகமாச்சு, மூணு வயசுப் பிள்ளைங்களுக்கு கதையும் அவ்வளவா புரியல. அதனால ஸ்க்ரீன் இல்லாத ஆடியோ கதைன்னா வண்டியில போகும்போது, நீங்க வேலையா இருக்கும்போது தாராளமா போடுங்க, அது கூடுதல். உங்க வாசிப்புக்கு பதிலா வேண்டாம். வீட்டுக்காரர்கிட்ட வாரத்துல சில நாள் அவரே வாசிக்கச் சொல்லுங்க, அப்பா கேக்குற கேள்வி வேற மாதிரி இருக்கும், பையனுக்கு ரெண்டும் வேணும். நல்லா நடிச்சுப் படிக்கத் தெரியணும்னு இல்ல, குழந்தை அதைப் பாத்து மார்க் போடாது.

அந்தப் பொண்ணோட ஒப்பிடுறதை மட்டும் விட்டுடுங்க. மூணரை வயசுல எழுத்து தெரிஞ்சா நல்லது, தெரியலைன்னா குறை இல்ல. நான் கவனிக்கச் சொல்றது வேற விஷயத்தை. மூணு வயசு தாண்டின பிள்ளை பேசுறது வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரியணும், ரெண்டு மூணு வார்த்தை சேத்துப் பேசணும், கூப்பிட்டா திரும்பணும், சின்னச் சின்ன வேலை சொன்னா புரிஞ்சு செய்யணும். இதுல எதாவது இடறினா கதை வாசிச்சா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க, காது டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க, குழந்தை டாக்டர்கிட்ட பேசுங்க. அதே மாதிரி குடும்பத்துல யாருக்காவது படிக்கிறதுல ரொம்பக் கஷ்டம், டிஸ்லெக்சியான்னு சொல்ற வாசிப்புக் குறைபாடு இருந்திருந்தா ஸ்கூல் சேரும்போது டீச்சர்கிட்ட அதை முன்கூட்டியே சொல்லி வைங்க. கதை வாசிக்கிறது அந்தக் குறைபாட்டைத் தடுக்காது, வாசிக்கலைங்கிறதால அது வர்றதும் இல்ல, பாதிப்பு இருக்கிற பிள்ளைக்கு கதை கேக்குறது இன்னும் அதிகமாத் தேவை, ஏன்னா புக்ல இருக்கிற மொழி அவனுக்கு காது வழியாத்தான் வந்து சேரும். உங்க லெட்டர்ல இதுக்கான அறிகுறி எதுவும் தெரியல, பொதுவா எல்லாருக்கும் சேத்துச் சொல்றேன்.

பையன் தானே படிக்க ஆரம்பிச்சதும் நிறைய வீட்டுல வாசிச்சுக் காட்டுறதை நிறுத்திடுவாங்க, "அதான் உனக்கே படிக்கத் தெரியுமே"ன்னு. நீங்க அதைப் பண்ணிடாதீங்க. ஆறு ஏழு வயசுப் பிள்ளை தானே படிக்க முடியுறது ரொம்ப எளிமையான வரிகளைத்தான், ஆனா கேட்டுப் புரிஞ்சுக்கிறது அதைவிட பல மடங்கு மேல இருக்கும். அந்த இடைவெளியில ஒரு நீளமான கதையை அத்தியாயம் அத்தியாயமா நீங்க வாசிச்சா அவன் படிப்பு மேல ஆசையோட ஏறி வருவான்.

பாப்பாவுக்கு எட்டு மாசம்தானே, இப்பவே வாசிக்கலாம். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் பிறந்ததுல இருந்தே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கன்னு 2014லயே டாக்டர்களுக்கு அறிவுரை குடுத்துடுச்சு. அவளுக்கு கதை தேவையில்ல, மடியில உக்கார வெச்சு ஒரு முகம், ஒரு நாய், ஒரு பந்து இருக்கிற பக்கத்தைக் காட்டி பேர் சொன்னா போதும், அவ "ஆ"ன்னா நீங்களும் "ஆ, நாய்!"னு பதில் சொல்லுங்க, அதுவும் பேச்சுதான். வாயில வெச்சுக்கிறது அந்த வயசுல ஒரு பொருளைத் தெரிஞ்சுக்கிற வழி, அதுக்காக புக்கைப் பிடுங்காதீங்க. தடி அட்டை புக், துணி புக் ரெண்டு மூணு அவளுக்குன்னு தனியா வெச்சுடுங்க, ஈரமானா துடைக்க முடியணும், பிஞ்சு வர்ற துண்டு எதுவும் இருக்கக் கூடாது. பையனோட பேப்பர் புக்கை அவ கைக்கு எட்டாத இடத்துல வைங்க, அவனுக்கு எட்டுற இடத்துலயே.